கோட்டைக் கேட்டால் கோட்டையே வை
(கல்லூரிக் கணித மன்றத் தொடக்க விழாப் பேச்சு)

அவைத் தலைவர் அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, வீட்டுக்கே வந்து என்னைக் கூட்டிவந்த துறைத் தலைவர் அவர்களே, மைக்கைப் பிடித்தபடியே நிற்கும் தம்பி அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்குக் கிராஃப் தாள் வாங்குங்கள்.

டிஒய் பை டிஎக்ஸ், அதாவது கோட்டின் சாய்வு, வருகிற சமன்பாடுதான் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. அதற்கு நேர்கோட்டுத் தீர்வு காண்பது எப்படி, எப்போது கிடைக்காது, அப்புறம் கிளேரோ என்ற கணித அறிஞரின் சமன்பாடு. இந்த மூன்றையும் சொல்ல வந்தேன்.

நான் பி.எஸ்சி. படித்தபோது ஆசிரியர், 'டிஒய் பை டிஎக்ஸ் சமம் எக்ஸ் பிளஸ் ஒய். நேர்கோடாக ஒரு தீர்வு சொல்' என்றார். நான் முன்பெஞ்ச், கைடை உருப்போட்டவன். தொகையீட்டுக் காரணி, பகுதித் தொகையிடல் என்று பலகையை நிரப்பினேன். நடுவில் ஒரு மைனஸ் காணாமல் போனது. தேடுகிறேன், தேடுகிறேன், சாக்பீஸ்தான் உடைந்தது. கடைசிப் பெஞ்சில் ஒருவன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டு வருகிறவன். அவனை எழுப்பினார். 'கோடுதானே ஐயா கேட்டீங்க? கோட்டையே வச்சுப் பார்த்துடலாமே' என்றான். ஒய் இருந்த இடத்தில் எம்எக்ஸ் பிளஸ் சி என்று போட்டான். இடப்பக்கம் வெறும் எம். வலப்பக்கம் எக்ஸின் கெழு ஒன்று பிளஸ் எம்; மாறிலி சி. இடப்பக்கம் எக்ஸே கிடையாது, ஆகவே அந்தக் கெழு பூச்சியம். எம் மைனஸ் ஒன்று, சியும் மைனஸ் ஒன்று. ஒய் சமம் மைனஸ் எக்ஸ் மைனஸ் ஒன்று. முடிந்தது! ஆசிரியர் என் பக்கம் திரும்பி, 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இதையே கிராஃப் தாளில் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எக்ஸ் பிளஸ் ஒய்தான் சாய்வு; அந்தச் சாய்வில் அங்கே ஒரு சின்னக் கோடு போடவேண்டும். எக்ஸையும் ஒய்யையும் கூட்டினால் பூச்சியம் வரும் புள்ளிகளில் சின்னக் கோடுகளைப் படுக்கையாகப் போடுங்கள். ஒன்று வந்தால் 45 பாகை ஏற்றம். மைனஸ் ஒன்று வந்தால் 45 பாகை இறக்கம். அந்தக் கடைசிப் புள்ளிகள் வரிசையாக நிற்பதும் அதே இறக்கத்தில்தான்! சின்னக் கோடுகள் ஒட்டி ஒரே கோடாகிவிடும். எந்தக் கைடு இதைக் காட்டும்?

சரி, எக்ஸுக்குப் பதில் எக்ஸ் ஸ்கொயர் இருந்தால்? ஸ்கொயரை அடிக்க ஆள் இல்லை, நேர்கோடு கிடையாது. சட்டியில் இருந்தால்தானே! இந்த வகைச் சமன்பாட்டின் பெயர் 'நேரியல்' என்பதற்காகத் தீர்வும் நேர்கோடாக வந்துவிடாது.

கிளேரோ 1734-இல் ஆராய்ந்த சமன்பாட்டில் நேர்கோடுகள் கூட்டமாகவே வரும். செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார்; அது இன்னொரு நாள்.

முதல்வர் அம்மாவிடம் ஒரே கோரிக்கை. வாரத்தில் ஒரு மணி நேரம் கைடு வகுப்புக்கு வெளியே இருக்கட்டும். ஆளுக்கொரு கிராஃப் தாள் உள்ளே வரட்டும். முதல் வாரத்துக்கு 50 தாள் நானே கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. பென்சில் உங்கள் பொறுப்பு.