மொடக்குறிச்சித் தொகுதியும் அழுத பிள்ளைகள் 1,033 பேரும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, வரவேற்புரை சொன்ன தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மஞ்சள் மண்டியைப் பாதி நாள் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, பந்தலும் நாற்காலியும் காசு வாங்காமல் போட்டுக்கொடுத்த தம்பிகளே, எனக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு இன்று என் பேச்சைக் கேட்க 84 வயதில் வந்திருக்கும் எங்கள் நாலாம் வகுப்பு வாத்தியார் ஐயா அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். வாத்தியார் ஐயா எதிரில் மைக் பிடிப்பது எனக்கு இன்றைக்கும் கை நடுக்கம்தான்.

ஈரோடு மாவட்டத்து நம் மொடக்குறிச்சித் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, 1996 தேர்தல். இரண்டு, கிராம சபை. மூன்று, 2021. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நாள் தவறாமல் சொல்லும் பழமொழி ஒன்று இருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977ல் இங்கே ஜெயித்தவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். அப்போது அவர் அதிமுக, எம்.ஜி.ஆரின் முதல் அமைச்சரவையிலேயே இடம்பெற்றார். 1989ல் திமுகவின் கணேசமூர்த்தி. சரி, வெற்றி பெற்றவர்கள் பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் பேச வந்தது தோற்றவர்களைப் பற்றி.

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளர்கள். பெரும்பாலும் விவசாயிகள். தங்கள் குறை ஆள்பவர்கள் காதில் விழவே இல்லை என்ற ஆற்றாமையில் வரிசையாகப் போய் மனுத்தாக்கல் செய்தார்கள். அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய். மாடு விற்ற காசும் மஞ்சள் விற்ற காசும் அதில் போயிருக்கிறது. இத்தனை பெயரை ஒரே தாளில் அச்சடிக்க முடியாமல் ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகவே போட்டார்கள். தேர்தலையே ஒரு மாதம் போலத் தள்ளிவைத்தார்கள்.

அந்த ஓட்டுப்போடும் நாளைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. என் அப்பத்தாவைக் கூட்டிப்போனது நான்தான். மூணாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார். வெளுத்த சேலை, இடுப்பில் சுருக்குப்பை, கண்ணில் ஒரு பக்கம் நூல் கட்டிய கண்ணாடி. வாங்கிய சீட்டை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். போனவர் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முண்டாசை அவிழ்த்து விசிற ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இருந்து சத்தம் மட்டும் வருகிறது. "சி... ன்... ன..." பக்கம் புரளும் சத்தம். மறுபடி "பொ... ன்... னு..." அதிகாரி பாவம், எழுந்து நின்று, "பாட்டி, வாய்விட்டுப் படிக்கக் கூடாதுங்க, முத்திரையக் குத்திட்டு வாங்க" என்றார். அப்பத்தா மறைப்புக்கு மேலே தலையை நீட்டி, "இருங்க சாமி, நாலு பேருக்கு ஓட்டுப் போடறேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன், நாலு பேரயும் பாத்துட்டு அதுல ஒருத்தனுக்குக் குத்தறேன்" என்றாரே பார்க்கலாம். வரிசை மொத்தமும் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். வெளியே வந்த அப்பத்தா சிரிக்கவில்லை. விரல் மையை ஊதிக்கொண்டே நடந்தவர், வேப்பமரத்தடிக்கு வந்ததும் நின்றார். "பாதிப் பேரு நமக்குத் தெரிஞ்ச சனம் கண்ணு. படிக்கப் படிக்க அவங்கவங்க தோட்டந்தான் கண்ணுல வருது. இத்தன பேரும் கத்தியா கேக்காம போச்சு?"

முப்பது வருஷமாகிறது. அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தேர்தலில் திமுக சார்பில் நின்ற சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள் அவர்கள். நாற்காலிக்காக அவர்கள் நிற்கவில்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அழுத பிள்ளைகள், அவ்வளவுதான். அன்றைய ஆந்திராவின் நல்கொண்டாவில் அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் 480 பேர் நின்றார்கள். அவர்கள் குறை, ஃபுளோரைடு கலந்த குடிதண்ணீர். 2019ல் நிஜாமாபாத்தில் 185 பேர். மஞ்சள் வாரியம் கேட்டு நின்ற விவசாயிகள்தான் அதில் பெரும்பகுதி. 2025 ஜனவரியில் அதே நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியம் வந்தது. மஞ்சளுக்குப் பேர்போன ஈரோட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

ஆனால் நம் பிள்ளைகள் அழுததற்கு வந்த பதில் என்ன? 1996லேயே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 250லிருந்து 5,000 ஆக்கினார்கள். இன்று 10,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற கட்சி நிறுத்தாதவர் என்றால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். இன்றைக்கு ஒரு கடைமடை விவசாயி அந்த வழியில் போய் அழ முடியாது.

அதனால்தான் எந்த மேடை கிடைத்தாலும் நான் கிராம சபையைப் பற்றிப் பேசுகிறேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், இரண்டே நிமிடம் கொடுங்கள் ஐயா. கிராம சபையில் உட்கார டெபாசிட் கிடையாது, முன்மொழிய ஆள் தேட வேண்டியதில்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வர வேண்டும். 3,000 வரை 100. 10,000 வரை 200. அதற்கு மேல் 300. இதுதான் குறைந்தபட்ச வருகைக் கணக்கு. நம் ஊரில் போன முறை எத்தனை பேர் வந்தோம்? நான் எண்ணினேன், 31. அதில் ஏழு பேர் நூறு நாள் வேலை அட்டைக்காக வந்த பெண்கள். அவர்களுக்கு என் கும்பிடு.

2021 தேர்தலையும் சொல்லிவிடுகிறேன். பாஜகவின் சரஸ்வதி இங்கே ஜெயித்தார். தோற்றவர், 1977லும் 1996லும் இதே தொகுதியில் வென்ற அதே சுப்புலட்சுமி ஜெகதீசன். வித்தியாசம் 281 ஓட்டு. யார் ஜெயித்தார் என்பது எனக்குப் பேச்சில்லை. 281 பேர் என்பது பெரிய ஊராட்சி ஒன்றின் கிராம சபைக்கு வர வேண்டிய ஆட்களைவிடக் குறைவு. அத்தனை பேர் ஒரு சமுக்காளத்தில் உட்கார்ந்து, கொப்பு வாய்க்கால் என்று நாம் சொல்லும் கிளை வாய்க்காலைத் தூர் வாரு, கடைமடைக்கும் தண்ணீர் விடு என்று தீர்மானம் போட்டால், எந்தக் கட்சி எம்.எல்.ஏ. ஆனாலும் அந்தத் தாளைக் கீழே வைப்பாரா?

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் 200 கிலோமீட்டர் ஓடி வருகிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் கடைசி மடைக்கு முன்னால் கோரைப்புல்லில் சிக்கி நிற்பதைப் போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புல் என் இடுப்பு உயரம் இருக்கிறது.

வருகிற அக்டோபர் 2, காலை 11 மணிக்கு ஊராட்சி அலுவலகம் முன்னால் கிராம சபை. கொப்பு வாய்க்கால் தூர் வாருவதுதான் நாம் வைக்கப்போகும் முதல் தீர்மானம். இன்றைய கூட்டம் முடிந்ததும் எழுதுகிற அட்டையோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். மனு எழுதத் தெரியாதவர்கள் சர்வே நம்பரை மட்டும் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். வணக்கம்.