மூன்றாவது மணி நேரத்துக்கு எதை எடுத்துச் செல்வது?

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து பேசுகிறேன். திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் மிதித்த என் சென்ற காணொளியைப் பார்த்தவர்களில் பலர், பாதையைப் பற்றியோ சைக்கிளைப் பற்றியோ கேட்கவில்லை. சட்டையின் முதுகுப் பையிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன் என்றே கேட்டிருந்தார்கள். ஆகவே இன்று சைக்கிள் சுவரோரம் நிற்கட்டும். கேமராவைச் சமையலறை மேடையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தராசு, மூன்று ஜெல் பொட்டலங்கள் (பிழிந்து விழுங்கும் கெட்டிச் சர்க்கரைப் பாகு), கடித்துத் தின்னும் எனர்ஜி பார்கள் இரண்டு, ஒரு சீப்புப் பூவன் பழம், அம்மா பிடித்துக் கொடுத்த உருண்டைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வாங்கிய முதல் ஆண்டு, இதே பாதையில், ஒரு டம்ளர் காபியை மட்டும் குடித்துவிட்டு, பையில் இரண்டு ஜெல்லைப் போட்டுக்கொண்டு விடியுமுன் கிளம்பினேன். கும்பகோணம் தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. குத்தாலத்தை நெருங்கும்போது கால் இரண்டும் யாருடையவோபோல் ஆகி, எதிரே வந்த பேருந்தின் ஊர்ப்பெயர் கண்ணுக்கு மங்கலாகத் தெரியவே, பயந்துபோய் இரண்டு ஜெல்லையும் அடுத்தடுத்துப் பிழிந்து விழுங்கினேன்; பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர்கூட மிச்சமில்லை. கால் மணி நேரத்தில் வயிறு புரட்டியது. வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து உள்ளே போன அத்தனையையும் வெளியேற்றினேன். எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா, "ஏம்மா, வெறும் வயித்தோடயா இம்மாந்தூரம் வந்தே? மொதல்ல இதக் குடி" என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு பெரிய டம்ளரில் கொடுத்தார். அதைக் குடித்து, ஒரு பன்னையும் மெதுவாகத் தின்ற பிறகுதான் மயிலாடுதுறை வரை போக முடிந்தது.

அன்று தவறு ஜெல்லில் இல்லை. நான் அதைத் தின்ற நேரத்திலும் தின்ற விதத்திலும் இருந்தது. கல்லீரலிலும் தசைகளிலுமாகச் சேர்த்து நம் உடல் வைத்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது சேமித்த சர்க்கரை, ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரைதான். அழுத்தி மிதித்தால் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அது வற்றத் தொடங்கிவிடும். டெல்டாவில் மேடு பள்ளம் இல்லையே, மிதிப்பது சுலபந்தானே என்று வெளியூர் நண்பர்கள் சொல்வதுண்டு. மலைச்சாலையில் ஏறியவருக்கு இறங்கும்போது காலுக்கு ஓய்வு கிடைக்கும், அந்த ஓய்வில் நிதானமாக எதையாவது மெல்லவும் முடியும். இங்கே இறக்கமே கிடையாது; ஐந்து மணி நேரப் பயணம் என்றால் ஐந்து மணி நேரமும் மிதித்தாக வேண்டும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பூம்புகாருக்குப் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும், திரும்பி வரும்போது அதே காற்று மார்பில் கைவைத்து நிறுத்தும். எனவே மிதித்துக்கொண்டே, ஒரு கையால், மூச்சு வாங்கிக்கொண்டே தின்னக்கூடியதாக இருக்கிறதா என்பதுதான் நமக்கு முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, மணிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்பது. உறையின் முன்பக்கம் என்ன படம் போட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, பின்பக்கம் கார்போஹைட்ரேட் என்று அச்சிட்டிருக்கும் வரியை மட்டும் பாருங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் என்பது விளையாட்டு உணவியலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இரண்டரை மணி நேரத்தைத் தாண்டிப் போட்டி வேகத்தில் ஓட்டுபவர்கள் 90 கிராம் வரை போவார்கள். அந்த 60 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. குடலில் குளுக்கோஸை இரத்தத்துக்குள் விடும் மதகு ஒன்று இருக்கிறது. அதன் வழியாக மணிக்கு ஏறத்தாழ 60 கிராமுக்கு மேல் போகாது. வரத்து அதைவிட அதிகமானால், மிச்சம் தேங்கி, வயிற்றை உப்ப வைக்கும். ஆனால் ஃப்ரக்டோஸ் என்னும் பழச் சர்க்கரைக்கு வேறொரு மதகு இருக்கிறது. இரண்டையும் கலந்து அனுப்பினால், இரண்டு மதகிலும் பாயும். அதனால்தான் விலை கூடிய ஜெல்களில் மால்டோடெக்ஸ்ட்ரினோடு ஃப்ரக்டோஸும் சேர்த்திருப்பதைப் பார்க்கிறீர்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. உள்ளே போனதும் அறுந்து குளுக்கோஸாகிவிடும், நாக்குக்கு அவ்வளவு இனிக்காது.

இப்போது இந்த ஜெல்லைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். நுனியைக் கிழித்துக் கரண்டியில் பிழிகிறேன், பாருங்கள்: நெய் உறைவதற்குச் சற்று முன் இருக்கும் பதம், கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக நகர்கிறது. இதில் 22 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பெரும்பாலான ஜெல்களில் 20 முதல் 25 வரை இருக்கும். இவ்வளவு கெட்டியான சர்க்கரை தனியாக வயிற்றுக்குள் போனால், அதை நீர்க்க வைக்க உடல் தன் தண்ணீரையே குடலுக்கு அனுப்ப வேண்டிவரும். குத்தாலத்தில் எனக்கு நடந்தது அதுதான். ஆகவே ஒரு ஜெல்லுக்கு நான்கைந்து வாய்த் தண்ணீர் கட்டாயம். ஐசோடானிக் என்று எழுதியிருப்பதில் தண்ணீர் முன்பே கலந்திருக்கும்; அது பொட்டலத்தில் பெரியது, பையை அடைத்துக்கொள்ளும். விலை ஒரு பொட்டலம் நூறு ரூபாய்க்கு முன்பின்னாக இருக்கிறது. இணையத்தில் ஒரு பெட்டியாக வாங்கினால் மலிவு என்று நம்பி நான் வாங்கிய பெட்டி, காலாவதிக்கு இரண்டே மாதம் இருக்கும்போது வீட்டுக்கு வந்து சேர்ந்தது; திருப்பி அனுப்ப வழியில்லை என்று பதில் வந்தது. அதனால் பெட்டியாக வாங்கும் முன் காலாவதித் தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்களைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசப்போகிறேன். சாக்லேட் பூசிய பாரை நம் ஊருக்குத் தயவுசெய்து வாங்காதீர்கள். கோகோ வெண்ணெய் உடல் சூட்டுக்கும் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். சித்திரை வெயிலில் முதுகுப் பையில் கிடந்தால் உறையைப் பிரிக்கும்போது விரலில் பாதி, உறையில் பாதி ஒட்டும். அடுத்தது, 20 கிராம் புரதம் என்று பெரிய எழுத்தில் போட்டவை. அவை வீட்டுக்கு வந்து குளித்த பிறகு தின்ன வேண்டியவை. சைக்கிள் ஓட்டும்போது புரதமும் கொழுப்பும் நார்ச்சத்தும் இரைப்பையை விட்டுக் கிளம்பத் தாமதமாகும். சர்க்கரை சேர்க்காதது என்று பெருமையோடு விற்கப்படுவது இருப்பதிலேயே மோசம். அதில் மால்டிடால் இருக்கிறதா என்று பொருள் பட்டியலில் பாருங்கள்; அது இனிப்பைக் கொடுத்துவிட்டு, அளவு மிஞ்சினால் வயிற்றைக் கலக்கிவிடும் சரக்கு. நடுவழியில் கழிப்பறை தேடும் அனுபவம் உங்களுக்கு வேண்டாம். ஓட்ஸும் பேரீச்சையும் சேர்த்த மென்மையான பாரைப் பயணத்தின் முதல் இரண்டு மணி நேரத்தில், பாதி பாதியாகத் தின்னலாம். அதற்கு மேல் என் வாய் அதை மெல்ல மறுக்கிறது.

கடலை மிட்டாயைத்தான் எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் வேர்க்கடலையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு என்பதால், டீக்கடையில் நின்று ஓய்வெடுக்கும்போதும் மெதுவான நெடும்பயணத்திலும் தின்பதற்கு அது நல்லது. வேகமாகப் போகும்போது கூடாது. பூவன் பழம் அப்படியில்லை. தோலை உரித்து இந்தத் தராசில் வைக்கிறேன்: 66 கிராம். நன்கு பழுத்த பழத்தில் மாவு பெரும்பாலும் சர்க்கரையாக மாறியிருக்கும் என்பதால், இந்த ஒரு பழத்தில் 15 கிராமாவது நமக்குத் தேறும். ஒன்றரைப் பழம் ஒரு ஜெல்லுக்குச் சமம். குறை ஒன்றுதான், முதுகுப் பையில் இரண்டாவது மணி நேரத்தில் அது கூழாகிவிடும். ஆகவே பழத்தைச் சுமந்து போகாதீர்கள். திருவையாற்றிலிருந்து மயிலாடுதுறை வரை பெட்டிக்கடை வாசலில் தார் தொங்காத ஊர் ஏது? போகிற வழியில் இரண்டு பழம் வாங்கி, நின்றபடி தின்றுவிட்டுப் போகலாம்.

இனி இந்த டப்பாவைத் திறக்கிறேன். இது பொருள்விளங்கா உருண்டை. வறுத்த அரிசி மாவும் பாசிப்பருப்பு மாவும் வெல்லப் பாகும் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிடித்தது. வழக்கமான உருண்டை எலுமிச்சை அளவில், பல்லைப் பதம் பார்க்கும் கடினத்தில் இருக்கும், இதை மெல்லிய பாகில், நெல்லிக்காய் அளவில் பிடிக்கச் சொன்னபோது, "கடிச்ச ஒடனே கரையறதுக்கு இது என்ன அல்வாவாடி?" என்று அம்மா கோபித்துக்கொண்டார், பிறகு பிடித்துக் கொடுத்தார். ஒன்று 25 கிராம் இருக்கிறது. அம்மா போட்ட அளவை வைத்துக் கணக்குப் பார்த்தால் அதில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து. ஒரு ஜெல்லுக்குச் சற்றே குறைவு. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் இரண்டு கிலோமீட்டருக்குக் கரைந்துகொண்டே வரும்.

ஜெல்லுக்கு மாற்றாக வீட்டிலேயே செய்வதையும் காட்டிவிடுகிறேன். 100 கிராம் வெல்லத்தை 50 மில்லி வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி (வடிகட்டாமல் விட்டால் மண் நறநறவென்று பல்லில் படும்), அரை மூடி எலுமிச்சைச் சாறும் கால் தேக்கரண்டி உப்பும் சேர்த்து, பிழிந்து குடிக்கும் சிறு பாட்டிலில் ஊற்றுங்கள். 30 மில்லியில் ஒரு ஜெல்லின் மாவுச்சத்து இருக்கும். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரை. சுக்ரோஸ் உடைந்தால் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். இரண்டு மதகும் திறந்தாயிற்று. இதையே நீர்க்க வைத்தால் ராமநவமிப் பானகம். 750 மில்லி பாட்டிலில் 50 கிராம் வெல்லம் போட்டால், விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பானங்களில் இருக்கும் 6 முதல் 8 சதவீதச் சர்க்கரை அளவுக்கு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பானகம் ஊற்றிய பாட்டிலை வந்தவுடன் கழுவுங்கள். நான் இரண்டு நாள் மறந்துவிட்டுத் திறந்தபோது உஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே கள் வாடையும் வந்தது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாவது மணி நேரத்தில் உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதுவரை தின்றதெல்லாம் இனிப்பு. அந்த நேரத்தில் இன்னொரு ஜெல்லை நினைத்தாலே எனக்குக் குமட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் சொட்டும், சட்டையில் வெள்ளைக் கோடு விழும். வியர்வையோடு உப்பும் போய்க்கொண்டே இருக்கிறது. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலியும் குமட்டலும் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. இளநீரில் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். அந்த மூன்றாவது மணி நேரத்துக்கென்றே நான் புளியோதரையை எண்ணெய் குறைத்துக் கிளறி, கடலையை எடுத்துவிட்டு, 60 கிராம் உருண்டைகளாகப் பிடித்து வெண்ணெய்த் தாளில் சுருட்டி எடுத்துப் போகிறேன். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து என்றால், ஒரு உருண்டையில் 16 கிராமாவது இருக்கும். புளிப்பும் உப்பும் நாக்கில் பட்டவுடன் வாய் மறுபடியும் தின்னச் சம்மதிக்கிறது. ஐரோப்பியப் பந்தயங்களில் ஓட்டுபவர்களும் சோற்றுக் கட்டியைத் தாளில் சுற்றித்தான் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். நாம் கட்டுச்சோறு என்று சொல்வதை அவர்கள் வேறு பெயரில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் ஜெல் எதற்கு? கடைசி ஒரு மணி நேரத்துக்கும், குழுவாக வேகம் பிடித்து ஓடும்போது மெல்ல நேரமில்லாத இடங்களுக்கும், எல்லாம் தீர்ந்துபோன அவசரத்துக்கும். நான் இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதில் ஒன்று காஃபின் சேர்ந்தது. காஃபின் ஜெல்லை முதன்முறையாகப் பயணத்தன்று சோதிக்காதீர்கள். படபடப்பு வருமா வராதா என்பதை வீட்டருகே ஒரு நாற்பது கிலோமீட்டரில் தெரிந்துகொள்ளுங்கள். எந்தத் தின்பண்டமானாலும் இதுவே விதி. வயிற்றையும் பழக்க வேண்டும். மணிக்கு 30 கிராமில் தொடங்கி, சில வாரங்களில் 50, 60 என்று ஏற்றலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நான் சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். பசி எடுக்கும் வரை காத்திருந்தால் குத்தாலம்தான். முதல் மணி ஒலித்தவுடன் பானகம் இரண்டு வாய், அடுத்ததற்கு அம்மாவின் உருண்டை, அதற்கடுத்து மீண்டும் பானகம். இப்படியே போனால் கணக்கு மணிக்கு 30, 40 கிராமில் தானாக நிற்கும். வரும் ஞாயிறு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போகலாம் என்றிருக்கிறேன். இடது பையில் உருண்டை ஆறு, வலது பையில் புளியோதரை மூன்று, நடுப்பையில் அந்தப் பழைய பெட்டியில் மிச்சமிருக்கும் கடைசி இரண்டு ஜெல். அவற்றின் காலாவதி அடுத்த மாதம் 14 என்று போட்டிருக்கிறது; அதற்குள் பிழிந்தாக வேண்டும்.