கை கால் பரிசோதனை: குதிக்காலைத் தூக்கிப் பாருங்கள்

வணக்கம். திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். தாதியர் பயிற்சியில் இருப்பவர்களும், வீட்டில் நீரிழிவுள்ள பெற்றோரைப் பராமரிப்பவர்களும் கேட்டதற்கிணங்க, இன்று நோயாளரின் கை கால்களை எவ்வாறு பரிசோதிப்பது என்பதைச் சொல்லப்போகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறொன்றிலிருந்து தொடங்குகிறேன். காய்ச்சலுடன் வந்த மீனவர் ஒருவரின் நெஞ்சையும் வயிற்றையும் கவனமாகப் பார்த்த நான், போர்வையைச் சற்றே விலக்கிக் கால்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வீக்கம் இல்லை என்று எழுதிவைத்தேன். மறுநாள் மூத்த தாதி ஒருவர் அவருடைய குதிக்காலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்காலில் சீழ் பிடித்த புண் இருந்தது. நீண்டகால நீரிழிவினால் அங்கே உணர்ச்சி அற்றுப்போயிருந்ததால், அந்த ஐயாவுக்கு நோவும் தெரியவில்லை, புண் இருப்பதும் தெரியவில்லை.

ஆகவே, முழங்காலுக்கு மேலிருந்து இரண்டு கால்களையும் ஒன்றாகத் திறந்து வைத்துப் பாருங்கள். நோயுள்ள பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. நிறம், தசை மெலிவு, நகம், விரலிடுக்கு, உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே தொட வேண்டும். புறங்கையை இரு கால்களிலும் மேலிருந்து கீழாக நகர்த்தினால், ஒரு பாதம் மற்றதைவிடக் குளிர்ந்திருப்பது உடனே புலப்படும். முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறமுள்ள எலும்பின் மேல் கைப் பெருவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுக்கும்போது குழி விழுந்தால் அது நீர் வீக்கம். இரண்டு கால்களிலும் இருந்தால் இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றை நினைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலின் சுற்றளவு மற்றதைவிட 3 சென்ரிமீற்றருக்கு மேல் கூடியிருந்தால், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால் அந்தக் காலைப் பிசையவோ எண்ணெய் தேய்க்கவோ விடாதீர்கள்.

நாடித்துடிப்பைப் பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுக்காலுக்குப் பின்புறத்திலும் தேடுங்கள். நலமாக இருக்கும் சிலருக்கே மேற்புறத் துடிப்பு கைக்கு அகப்படுவதில்லை. அதனால் இரண்டாவது இடத்தையும் விடக்கூடாது. உங்கள் பெருவிரலால் பார்த்தால் உங்கள் துடிப்பையே நோயாளரின் துடிப்பென எண்ணிவிடுவீர்கள்.

உணர்ச்சியைப் பார்ப்பதற்கு 10 கிராம் மொனோபிலமென்ட் எனும் நைலோன் இழை போதுமானது. முதலில் நோயாளரின் கையில் தொட்டு, உணர்வு எப்படியிருக்கும் என்று காட்டுங்கள். பிறகு கண்களை மூடச் சொல்லி, காய்ப்பு இல்லாத இடங்களில் இழை வளையும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ‘தெரிகிறதா?’ என்று கேட்டால், நம் மனம் நோகக்கூடாதென்றே பலர் ‘ஓம்’ என்பார்கள். தெரியும்போது தாமாகவே சொல்லும்படி கேட்டுவிட்டு, இடைவெளியை மாற்றி மாற்றித் தொடுங்கள். உச்சி வெயிலில் கோணேசர் கோயில் வீதியில் வெறுங்காலுடன் நடப்பவருக்கும், அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போகிறவருக்கும் சூடு தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சில நிமிடங்களின் பெறுமதி விளங்கும்.

கைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளங்கை மேல்நோக்கியிருக்க இரு கைகளையும் நீட்டி, கண்களை மூடி, சுமார் 20 விநாடிகள் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் உட்புறமாகத் திரும்பித் தாழ்ந்தால், பாரிசவாதத்தின் மெல்லிய அறிகுறியாக இருக்கலாம். அது புதிதாக வந்ததென்றால் மறுநாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தசை வலிமையை 0 (அசைவே இல்லை) முதல் 5 (முழு வலிமை) வரை எழுதுவோம். புவியீர்ப்பை மீறி உயர்த்த முடிந்து, நாம் தடுத்தால் தாங்க முடியாமல் போவது 3. இந்த எண்ணை இரு பக்கத்துக்கும் தனித்தனியே எழுதுங்கள். நாளை வருபவர் ஒப்பிடுவதற்கு அதுவே உதவும்.

முடிந்ததும் விரலிடுக்குகளில் ஈரமிருந்தால் ஒற்றி எடுங்கள். பிறகு நோயாளரின் செருப்பைக் கையிலெடுத்து, அதன் அடியையும் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். நான் சொன்ன அந்த ஐயாவின் செருப்பில், புண்ணுக்கு நேர்கீழே, துருப்பிடித்த சிறிய ஆணியொன்று ஏறியிருந்தது.