கனம் பார்த்துப் போகும் கடல்: இனூயிட் மக்களின் பனிக்கட்டிக் கண்காணிப்பு

(காட்சி: உறைந்த கடல், அதன்மேல் விரையும் ஒரு ஸ்னோமொபைல்)

கனடாவின் லாப்ரடார் கடற்கரையில் நெயின் என்றொரு ஊர். ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனூயிட் மக்களின் ஊர் அது. வெளியிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் வேட்டைக்கும் விறகுக்கும் உறைந்த கடல்மேல்தான் போக வேண்டும்.

2009–10 குளிர்காலம், 1948 முதல் கனடாவில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. தலைமுறைகளாக நம்பிப் போன இடங்களில்கூடப் பனிக்கட்டி மெலிந்துவிட்டது. அதன் பிறகு, நுனாட்சியாவுட் என்னும் இனூயிட் தன்னாட்சி அரசும் மெமோரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான், கடல் பனிக்கட்டியை அளந்து சொல்லும் ஸ்மார்ட்ஐஸ் திட்டம்.

செயற்கைக்கோள் போதாதா? அதற்குப் பரப்பு தெரியும். ஒருவர் கால் வைக்கும் இடத்தில் பனிக்கட்டியின் கனம், அதாவது தடிமன், தெரிவது கடினம். கடல் உறைந்த உடனே வெண்பனி நிறையப் பெய்தால், அது போர்வைபோல மூடிக்கொள்ளும். மேலிருக்கும் கடுங்குளிர் கீழே இறங்காது, பனிக்கட்டியும் தடிக்காது. குறுகலான நீரிணைகளில் நீரோட்டம் அடியிலிருந்தே கரைக்கும். பார்வைக்கு எல்லாமே ஒரே வெள்ளைதான். ஆபத்தே அதில்தான்.

(காட்சி: ஸ்னோமொபைலின் பின்னால் சறுக்குவண்டி)

இந்தச் சறுக்குவண்டிக்குள் ஒரு மின்காந்த உணரி இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், பனிக்கட்டி அப்படிக் கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்து, நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஓட்டத்திலேயே கணக்கிட்டுவிடலாம். இன்னொரு கருவி ஓரிடத்தில் நட்டுவைக்கும் குழாய். அதன் நெடுகிலும் வெப்பமானிகள். காற்று எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

கருவிகள் சுவையானவைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: குழாயை எங்கே நடுவது, வண்டி எந்த வழியில் போவது என்று யார் சொல்கிறார்கள்? பாண்ட் இன்லெட் என்ற இன்னொரு இனூயிட் ஊரில் சிக்குமியுட் என்ற உள்ளூர்க் குழு சொல்கிறது. எந்த முனையில் நீரோட்டம் வலுக்கும், எந்த வெடிப்பு ஆண்டுதோறும் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பருவம் தப்பிப்போனதால் அந்த அறிவு காலாவதியாகவில்லை. எதை அளக்க வேண்டும் என்று சொல்வதே அதுதான். பனிக்கட்டியை ஈட்டியால் குத்திப் பார்க்கும் வழக்கத்தையும் யாரும் கைவிடவில்லை.

அளந்த தரவு யாருக்குச் சொந்தம்? வடக்கே வந்து அளந்துவிட்டு, முடிவுகளைத் தெற்கே கொண்டுபோன ஆய்வாளர்கள் ஏராளம். கனடா இனூயிட்களின் தேசிய அமைப்பான இனூயிட் தபிரீட் கனடமி, 2018இல் வெளியிட்ட ஆய்வுக் கொள்கையில் இதைப் பட்டவர்த்தனமாகக் கேட்டது: எங்களைப் பற்றிய தரவின் உரிமையும் கட்டுப்பாடும் எங்களிடமே இருக்க வேண்டும்.