காட்டு மண்ணின் மூன்று கணக்குகள்

வணக்கம். பெரியவர்களுக்கும், இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

காடு என்றதும் நாம் அண்ணாந்துதான் பார்க்கிறோம். மரம் எவ்வளவு உயரம், எவ்வளவு சுற்றளவு, எவ்வளவு கரியமில வாயுவை இழுத்து வைத்திருக்கிறது என்றுதான் கணக்குப் போடுகிறோம். பிடித்து வைத்த கரியமில வாயுவுக்கு ஈடாகக் கார்பன் கிரெடிட் என்று இன்று உலகச் சந்தையில் விற்கிறார்களே, காடு வளர்ப்புத் திட்டங்களில் அதற்கும் பெரும்பாலும் அடிமரத்தின் அளவுதான் ஆதாரம். நான் பேச வந்தது காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றி. மண்ணை விட்டுவிட்டுப் போடுகிற காட்டுக் கணக்கு தேறாது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அமேசானிலும் பனாமாவிலும் நடந்த சில வேலைகளைச் சொல்கிறேன்.

காட்டு மண் விடுவதும் உறிஞ்சுவதுமாக மூன்று வாயுக்கள். முதலில் நமக்கெல்லாம் தெரிந்த கரியமில வாயு. உதிர்ந்த இலையையும் செத்த வேரையும் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்று, கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. உயிரோடிருக்கும் வேர்களும் விடுகின்றன. இரண்டையும் சேர்த்து மண் சுவாசம் என்கிறோம். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எல்லாவற்றையும் எரித்து மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியே விடும் கார்பனைப் போல ஏழெட்டு மடங்கு, உலகத்து மண்ணிலிருந்து இப்படி வெளியேறுகிறது. பயப்பட வேண்டாம், இலைகள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. ஆனால் போக்குவரத்து அவ்வளவு பெரியது என்பதால் ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலும் அது காற்றில் தெரியும். சூடும் ஈரமும் ஆண்டு முழுக்க இருக்கும் வெப்பமண்டலக் காட்டில் இது இன்னும் வேகமாக நடக்கிறது.

அடுத்தது மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 27, 28 மடங்கு சூடேற்றக்கூடியது. தண்ணீர் நின்று, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் உருவாவது. நம் நெல் வயலில் குமிழி விடுகிறதே, அதில் இருப்பதும் இதுதான். ஆனால் மேட்டு நிலக் காட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே மண்ணில் காற்றோட்டம் இருக்கிறது. காற்றில் இருக்கும் மீத்தேனையே உணவாகத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த மண்ணில் வாழ்கின்றன. காற்றில் மீத்தேன் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? 10 லட்சத்தில் 2 பங்குகூட முழுசாக இல்லை. அந்தத் துளியைப் பிடித்துத் தின்று பிழைக்கிற உயிர்கள் இவை. உலகம் முழுவதும் இப்படி மண் உறிஞ்சும் மீத்தேன் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு பிவிசி வளையம். அதைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் அழுத்தி வைக்கிறார்கள். அன்றைக்கே அளக்கக் கூடாது. அழுத்தும்போது நுண் வேர்கள் அறுபடும், அறுந்த வேர் அழுகி வாயு விடும், அது அளவைக் கெடுத்துவிடும். அதனால் மண் ஆற விட்டுவிட்டு, அப்புறம் வந்து மூடியைப் போடுகிறார்கள். மூடியில் ரப்பர் அடைத்த சிறு துளை. அதில் ஊசியைக் குத்தி, மூடியவுடன் ஒரு முறை, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று அரை மணி நேரம் சிரிஞ்சில் காற்றை உறிஞ்சி, சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்க்கிறார்கள். நிமிடத்துக்கு நிமிடம் வாயு எப்படி மாறியது என்று கோடு வரைந்தால், கரியமில வாயுவின் கோடு எப்போதும் மேலே ஏறும். மேட்டு நிலக் காட்டில் மீத்தேனின் கோடு கீழே இறங்கும். அடைபட்ட காற்றிலிருந்து அந்த மண் மீத்தேனைத் தின்றுகொண்டிருப்பதை அந்தக் கோட்டில் நேராகப் பார்க்கலாம். ஆனால் ஓரடி தள்ளி, கீழே கறையான் கூடு இருக்கும் இடத்தில் வளையத்தை வைத்தால் கோடு மேலே ஏறிவிடும், ஏனென்றால் கறையானின் குடலில் மீத்தேன் உண்டாகிறது. ஓரிரண்டு வளையத்தை வைத்துக்கொண்டு ஒரு காட்டைப் பற்றிப் பேச முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மூன்றாவது நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குக் கொடுக்கும் அதே சிரிப்பூட்டும் வாயு. இதன் அளவு மிகக் குறைவு, வீரியம் மிக அதிகம்: கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு. காற்றில் கலந்தால் நூறு ஆண்டுக்கு மேல் தங்கும், மேலே போய் ஓசோன் படலத்தையும் அரிக்கும். இதற்கு இயற்கையில் இருக்கும் ஆகப் பெரிய ஊற்றுகளில் ஒன்று வெப்பமண்டலக் காட்டு மண். யாரும் உரம் போடாத, யாரும் தொடாத காட்டிலிருந்தும் வருகிறது.

ஏன் வருகிறது? இந்தக் காடுகளின் மண் பெரும்பாலும் மிகப் பழையது. லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்து கரைந்து, பாஸ்பரஸ் அருகிப்போன மண். நைட்ரஜன் மட்டும் தாராளமாக இருக்கிறது. குளிர்நாட்டுக் காடுகளில் நிலைமை தலைகீழ், அங்கே நைட்ரஜனுக்குத்தான் பஞ்சம். கிடைத்ததை வேர்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும். வெப்பமண்டலத்தில் மிஞ்சுகிறது, மிஞ்சியது கசிகிறது. மேரி ஃபயர்ஸ்டோன், எரிக் டேவிட்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1989-இல் இதை ஓட்டைக் குழாய் என்று விளக்கினார்கள். பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கி, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் வரிசையை ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்பது நைட்ரஜனின் தாராளத்தைப் பொறுத்தது. எந்த ஓட்டை பெரிதாகத் திறக்கிறது என்பது ஈரத்தைப் பொறுத்தது. மண் துளைகள் ஓரளவு காய்ந்திருந்தால் நைட்ரிக் ஆக்சைடு என்ற வேறொரு வாயு கசியும். 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் நிறைந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கசியும். ஏறக்குறைய முழுசாக நிறைந்துவிட்டால் பெரும்பகுதி வெறும் நைட்ரஜனாகப் போய்விடும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. நம் வயலில் கொட்டுகிற யூரியாவிலும் இதே வேலைதான் நடக்கிறது.

சரி, ஈரம்தான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது என்றால், அமேசானில் மழை குறைந்தால் என்ன ஆகும்? இதை ஊகிக்காமல் செய்தே பார்த்தார்கள். பிரேசிலின் பாரா மாநிலத்தில் சாந்தாரெம் நகருக்குப் பக்கத்தில் தபஜோஸ் தேசியக் காடு. அங்கே ஒரு ஹெக்டேர் காட்டுக்கு அடியில், மரங்களுக்கு இடையே, பிளாஸ்டிக் பலகைகளால் ஒரு கூரை போட்டார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஐந்து மழைக்காலங்கள். இலைகளைத் தாண்டி விழும் மழையில் பாதிக்கும் மேல் தரையைத் தொடாமல் வடிகாலில் போனது. பக்கவாட்டில் தண்ணீர் ஊறிவிடாமல் சுற்றிலும் பள்ளம் வெட்டினார்கள். பலகை மேல் விழுந்த இலைச்சருகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தட்டித் தட்டித் தரையில் தள்ளினார்கள். இல்லாவிட்டால் மண்ணுக்குத் தீனி குறைந்து, மாற்றம் எதனால் வந்தது என்றே தெரியாமல் போயிருக்கும். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

மண் என்ன சொன்னது? நைட்ரஸ் ஆக்சைடு குறைந்தது. மீத்தேன் உறிஞ்சுவது கூடியது, காய்ந்த மண்ணுக்குள் காற்று நன்றாகப் போனதால். கரியமில வாயுவில் பெரிய மாற்றம் இல்லை. இதோடு நிறுத்தினால், வறட்சி பூமிக்கு நல்லது என்று ஒருவர் எழுதிவிடலாம். ஆனால் அதே கூரைக்கு மேலே பாருங்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பெரிய மரங்கள் சாகத் தொடங்கின. பக்கத்துக் காட்டில் சாவதைப் போல நாலரை மடங்கு. காட்டின் கார்பனில் பெரும்பங்கைச் சுமப்பவை அந்தப் பெரிய மரங்கள்தாம். விழுந்து மட்கினால் அத்தனையும் காற்றுக்கு. மண்ணில் கிடைத்த சில்லறை லாபம் அதன் முன் நிற்காது. மரத்தை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைக்கும் என்று தொடங்கினேன். மண்ணை மட்டும் பார்த்தாலும் பிழைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வறட்சிக்கு அடுத்து வெப்பம். வெப்பமண்டல மண் எப்போதும் சூட்டிலேயே இருப்பது, இன்னும் சில டிகிரி கூடினால் பெரிதாக அசையாது என்று பலர் நம்பினார்கள். பனாமா கால்வாய்க்கு நடுவே பாரோ கொலராடோ தீவில் ஆண்ட்ரூ நாட்டிங்காம் குழுவினர் காட்டு மண்ணுக்குள் மின்சாரக் கம்பிகளை இறக்கி, ஒரு மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை 4 டிகிரி சூடேற்றினார்கள். இரண்டே ஆண்டில் மண்ணிலிருந்து வரும் கரியமில வாயு 55 சதவீதம் கூடிவிட்டது. 2020-இல் இந்த முடிவு வெளியானது. இது இப்படியே நீடிக்குமா, சில ஆண்டுகளில் அடங்குமா என்பதற்கு நீண்ட கால அளவீடுதான் பதில். ஆனால் மண் அசையாது என்ற நம்பிக்கையை இனி யாரும் சுமக்க வேண்டியதில்லை.

அப்புறம் மரமும் மண்ணும் தனித்தனி என்று நாம் போட்ட கோடே இப்போது அழிந்துகொண்டிருக்கிறது. அமேசானின் வெள்ளக் காடுகளில் ஆண்டில் பல மாதம் அடிமரம் தண்ணீரில் நிற்கும். சேற்றில் உண்டாகும் மீத்தேன் வேர் வழியாக ஏறி அடிமரத்தின் பட்டையிலிருந்து வெளியேறுகிறது. சுனிதா பங்களா குழுவினர் 2,300-க்கும் மேற்பட்ட மரங்களில் அளந்து 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த மரங்கள் விடும் மீத்தேன் ஆண்டுக்கு ஒன்றரை முதல் 2 கோடி டன். அதுவரை அமேசானின் மேல் விமானம் அளந்த மீத்தேனுக்கும் தரையில் அளந்த மீத்தேனுக்கும் ஒத்துவராமல் இருந்ததற்கு விடை கிடைத்தது. ஏழு ஆண்டு கழித்து மறுபக்கம் தெரிந்தது. மேட்டு நிலத்து மரங்களின் பட்டையில், தரையிலிருந்து ஓராள் உயரத்துக்கு மேலே, மீத்தேன் உள்ளே உறிஞ்சப்படுகிறது என்று வின்சென்ட் கௌசி குழுவினர் 2024-இல் காட்டினார்கள். மண்ணில் இருக்கிற அதே வகைப் பாக்டீரியாக்கள் பட்டையிலும் குடியிருக்கின்றன.

காட்டை அழித்தால் இதெல்லாம் என்ன ஆகிறது? பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் அமேசான் காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்கிய பண்ணைகளில் பல ஆண்டு அளந்தார்கள். மாட்டின் குளம்பு பட்டுப் பட்டு மண் இறுகுகிறது, துளைகள் அடைபடுகின்றன, மழைக்காலத்தில் ஈரம் தங்குகிறது. மீத்தேனைத் தின்ற மண் மீத்தேனை விடும் மண்ணாகிவிட்டது. மாட்டின் ஏப்பத்தில் வருவதை நான் இதில் சேர்க்கவே இல்லை. நைட்ரஸ் ஆக்சைடோ எரித்த புதிதில் கூடி, மேய்ச்சல் நிலம் பழையதாக ஆகக் காட்டில் இருந்ததைவிடவும் குறைந்துபோனது. நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

இங்கேதான் ஒரு மாணவர் கேட்பார்: நைட்ரஸ் ஆக்சைடு குறைந்தது நல்லதுதானே, காட்டை ஏன் திருப்பிக் கொண்டுவர வேண்டும்? பாரா மாநிலத்தில் கைவிடப்பட்ட நிலங்களில் தானாக முளைத்த காடுகளை வயது வாரியாக எடுத்து டேவிட்சன் குழுவினர் பார்த்தார்கள். இளங்காட்டில் நைட்ரஜன் மிகக் குறைவு. இலைகள் கஞ்சத்தனமாக அதைச் சேமிக்கின்றன, மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு ஏறக்குறைய வருவதே இல்லை. வயது ஏற ஏறக் கசிவு கூடுகிறது. காட்டுக்குத் தன் தேவை போக மிஞ்சுகிறது என்று அந்தக் கசிவு சொல்கிறது. இதைக் குறை என்று எழுதி, காட்டின் கணக்கில் அபராதம் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பழுத்த காட்டின் இயல்பு அது. உரம் கொட்டியதால் வருகிற நைட்ரஸ் ஆக்சைடையும் இதையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது. கைவிட்ட மேய்ச்சல் நிலம் செயற்கைக்கோள் படத்தில் பத்துப் பதினைந்து ஆண்டில் பச்சையாகிவிடும். மண்ணில் அந்த நைட்ரஜன் மிச்சம் திரும்பி வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.