துக்க வீட்டில் சிரித்தால் தப்பா?

(சங்ககிரியில் லாரி ஓட்டுநர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

டிரைவர் வீட்டு ஆட்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விபத்தைப் பற்றிப் பேசலாமா என்று கூட்டம் நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் வண்டி இறக்குகிறவர்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

நம்ம பக்கம் ரோட்டில் ஒரு உயிர் போய்விட்டால் துக்கம் விசாரிக்க வரும் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. வருகிற ஒவ்வொருவரும் புருஷனைப் பறிகொடுத்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங் அம்மிணி, எப்படி ஆச்சு?" என்று முதலிலிருந்து கேட்பார்கள். கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம். போன் வந்த நேரத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கார் வந்து நிற்கும். அதே அம்மா சில மாதம் கழித்து அக்கா தங்கச்சிகளோடு உட்கார்ந்து ஏதோ பேச்சுக்குச் சிரித்துவிட்டால், "பாரேன், அதுக்குள்ள சிரிப்பு வருது" என்போம். கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் சிரிப்புக்குக் கணக்குப் பார்ப்பதும் சரிதானா?

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் ஜார்ஜ் பொனானோ என்று ஓர் உளவியல் பேராசிரியர். துக்கத்தை ஆராய்வதே அவர் வேலை. அவரும் டாக்கர் கெல்ட்னர் என்கிற இன்னோர் உளவியல் ஆய்வாளரும் கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதம் ஆனவர்களை உட்காரவைத்து, போனவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசும்போது முகத்தை வீடியோ எடுத்து, அசைவு அசைவாகப் பார்த்தார்கள். அழுகைக்கு நடுவிலும் பலர் சிரித்திருக்கிறார்கள். ஒப்புக்குச் சிரிப்பது இல்லை; கண்ணோரம் சுருங்குகிற அசல் சிரிப்பு. அப்படிச் சிரித்தவர்களுக்கு மன உளைச்சல் குறைவாக இருந்தது. 1997இல் வெளியான ஆய்வு இது. சிரித்ததால் தேறினார்களா, தேறியதால் சிரித்தார்களா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் சிரிக்கிறவருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மட்டும் நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

2004இல் பொனானோ எழுதிய கட்டுரை இன்னும் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. பேரிழப்புக்குப் பிறகு சிலர் நெடுநாள் முடங்கிப்போகிறார்கள், சிலர் விழுந்து மெல்ல எழுகிறார்கள், சிலருக்குப் பாதிப்பு தாமதமாகத்தான் தெரிகிறது. ஆனால் பெரும்பாலோர் வருத்தத்தோடேயே அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டு நிலையாக இருக்கிறார்கள் என்றார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் பகுதி மக்களிடம் அவர் குழு பார்த்தபோதும், 65 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு அடுத்த ஆறு மாதத்தில் அதிர்ச்சியால் வரும் மனப்பாதிப்பின் அறிகுறி ஒன்றுக்கு மேல் இல்லை. இதை மறுத்தவர்களும் உண்டு. கணக்குப் போடும் முறையை மாற்றினால் இந்த எண்ணிக்கை நன்றாக இறங்கிவிடும் என்று 2016இல் ஃபிராங்க் இன்ஃபர்னா, சுனியா லூத்தர் என்கிற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வாதம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. 'பெரும்பாலோர் தேறிவிடுவார்கள்' என்பதைச் சாக்காக வைத்து, தேறாதவரை "நீ மட்டும் ஏன் இப்படி" என்று கேட்கத் தொடங்கினால் அது பெரிய அநியாயம்.

சரி, கதை கேட்கிற விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில், சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் ஒரு பாதியினரிடம் உடனடியாக உட்கார்ந்து, நடந்ததை முழுக்கச் சொல்லவைத்து, உணர்ச்சியை வெளியே கொட்டவைத்தார்கள். மறு பாதியினரை அப்படியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், தொடக்கத்திலேயே ரொம்பப் பாதிக்கப்பட்டிருந்தவர்களில், சொல்லவைக்கப்பட்டவர்கள் அப்படியே கிடந்தார்கள், விடப்பட்டவர்கள் தேறியிருந்தார்கள். 2000இல் வந்தது இது. கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடும் என்று நாம் நம்புவதற்கு நேர் எதிர். அவராகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். கிளறாதீர்கள். "எப்படி ஆச்சு"வுக்குப் பதிலாக "இன்சூரன்ஸ் பேப்பருக்கு நான் அலையட்டுமா, பிள்ளையை ஸ்கூலில் விட்டு வரட்டுமா" என்று கேட்கலாம். அடுத்த வீட்டு அக்கா ரசமும் சாதமும் தூக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போகிறாரே, அதுதான் சரியான வைத்தியம்.

அப்புறம், தேறாதவர்கள். பொழைத்து வந்த டிரைவரை, கிளீனர் பையனைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். "உசுரு தப்புச்சே, சாமி புண்ணியம்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். ஒரு மாதம் தாண்டியும் ராத்திரி அலறி எழுகிறார், ஏர்ஹாரன் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது, அந்த ரோடு என்றால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறார், குடிக்காமல் தூக்கமில்லை என்றால், அது கோழைத்தனம் இல்லை. வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை, வைத்தியமும் இருக்கிறது. பயிற்சி பெற்றவரிடம், பல வாரங்களாக, படிப்படியாக அந்த நினைவைத் தொட்டுப் பேசுகிற சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. துக்க வீட்டில் கிளறுவதும் இதுவும் ஒன்றல்ல.

வண்டி முதலாளிகளும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிபட்டு வந்தவரை "பயம் தெளியட்டும்" என்று மறு வாரமே அதே ரூட்டில் ஏற்றிவிடாதீர்கள். ஒரேயடியாக வீட்டிலும் உட்காரவைக்காதீர்கள். அவரையே கேட்டு, பக்கத்து லோடாகப் பார்த்துக் கொடுங்கள். புக்கிங் ஆபீஸ் சுவரில் டயர்க்கடை நம்பர், கிரேன் நம்பர் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் 14416 என்றும் எழுதிவிடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி இருந்தால் கேளுங்க. மைக்கில் கேட்கக் கூச்சமாக இருந்தால், டீ குடிக்கும்போது தனியாக வந்தும் கேட்கலாம்.