ஒரு லிட்டர் பெட்ரோலின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வண்டி, தொழிற்சாலை, அடுப்பு, ஏசி எல்லாம் சூட்டைக் கக்குகின்றன, அதனால்தான் பூமி சூடாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது. மனிதர்கள் பயன்படுத்தும் ஆற்றல் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது, உண்மை. அதைப் பூமியின் பரப்பு முழுவதற்கும் பங்கு போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 0.04 வாட்தான் வரும். நாம் காற்றில் கூடுதலாகச் சேர்த்திருக்கும் கரியமில வாயு, வெளியேறவேண்டிய வெப்பத்தில் சதுர மீட்டருக்கு 2 வாட்டுக்கு மேல் பிடித்து வைக்கிறது. ஏறத்தாழ ஐம்பது மடங்கு. அடுப்பை அணைத்தால் அதன் சூடு சீக்கிரமே விண்வெளிக்குப் போய்விடும். அதிலிருந்து வந்த வாயுவோ தலைமுறை தலைமுறையாக இங்கேயே கிடக்கும்.

அந்த வாயு எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோலைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய முக்கால் கிலோ. எரித்தால் வரும் கரியமில வாயு 2.3 கிலோ. ஊற்றியதைவிட வெளியே வருவது மூன்று மடங்கா என்று சந்தேகம் வரும். பெட்ரோலில் இருப்பதில் பெரும்பகுதி கார்பன், சுமார் 640 கிராம். கார்பன் அணுவின் எடை 12. எரியும்போது அது 16 எடையுள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரண்டைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. 12 என்பது 44 ஆகிவிடுகிறது. கூடுதல் எடை முழுக்கக் காற்றின் உபயம்.

டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் 3 கிலோ. நிலக்கரியில் தயாராகும் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ. நிலக்கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடவோதான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. அதனால்தான் அந்த எண் இவ்வளவு பெரிது.

"காற்றில் 0.04 சதவீதம் இருக்கும் வாயு என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. உலர்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். பூமி இரவும் பகலும் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை அவை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. தடுப்பது நீராவியும் கரியமில வாயுவும் இன்னும் சில வாயுக்களும்தான். ஜான் டின்டால் என்ற விஞ்ஞானி 1859இல் குழாயில் வாயுக்களை அடைத்து வெப்பக் கதிரைப் பாய்ச்சி இதை அளந்தார். இப்படித் தடுக்கும் வாயுக்களே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி; இப்போது 15 டிகிரி. அளவு கூடுவதுதான் சிக்கல். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு 280 பங்கு இருந்தது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி 1958இல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இது நம் புகைதான் என்பதற்கும் சாட்சி உண்டு. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற, மெல்ல மெல்ல அழியும் கதிரியக்கக் கார்பன் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அழிந்துபோயிருக்கும். அவற்றை எரிக்க எரிக்கக் காற்றில் அதன் விகிதம் குறைய வேண்டும். மரங்களில் அது குறைந்திருப்பதை 1955இல் ஹான்ஸ் சூயஸ் என்ற விஞ்ஞானி காட்டினார். பிறகு அணுகுண்டுச் சோதனைகள் வந்து இந்தக் கணக்கைக் குழப்பின, அது தனிக்கதை.

தம் வீட்டிலிருந்து எவ்வளவு கரியமில வாயு போகிறது என்று கணக்குப் போடுபவர்கள் மின்கட்டண ரசீதையும் பெட்ரோல் ரசீதையும் வைத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். எந்த ரசீதிலும் வராத ஒன்று ஏசிக்குள் இருக்கிறது. ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் கேஸ் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கிட்டத்தட்ட 900 லிட்டர் பெட்ரோல். ஆர்-32 என்ற இன்னொரு கேஸ் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஏசி கேஸ் தானாகத் தீராது. ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் செம்புக் குழாயை முடுக்கும் ஃப்ளேர் நட்டில்தான் இருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்காமல் மேலே மேலே நிரப்புவது வேலையே அல்ல.

ஏசியை இடம் மாற்றும்போதுதான் பெரிய நஷ்டம். நட்டைத் தளர்த்தி கேஸைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். செய்யவேண்டியது பம்ப் டவுன். ஏசியைக் குளிர்விக்கும் நிலையில் ஓடவிட்டு, வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூட வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்கிப் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே நிறுத்த வேண்டும். கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் அடைபட்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயைக் கழற்றினால் காற்று உள்ளே போய் கம்ப்ரசர் வெடிக்கக்கூடும். கம்ப்ரசர் பழுதாகியிருந்தால் பம்ப் டவுன் நடக்காது; கேஸை சிலிண்டரில் பிடிக்கும் ரெக்கவரி மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வணக்கம்.